கங்கைக் கரைச் சாலையிலே

ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் 'துறை' என்னும் சொல்லின் பொருளை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆறு எவ்வளவு நீளமாயினும் ஊரார் இறங்கி நீராடும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே மணல் எத்தனை அடி செல்லும், எந்தப் பாறைக்கு அப்பால் கால் வைக்கலாகாது, எந்த மாதத்தில் சுழல் தோன்றும் என்பனவெல்லாம் பாட்டன் காலந்தொட்டு அறியப்பட்டவை. அவ்வாறு அறியப்பட்ட இடத்திற்குத்தான் துறை என்று பெயர். அறியப்படாத இடம் எத்துணை அழகியதாயினும் அது வெறும் கரையே.

காவிரிக் கரையையும் வைகைக் கரையையும் தாமிரபரணிக் கரையையும் விட்டு உத்தியோகத்தின் பொருட்டுத் தலைநகரத்தில் குடியேறிய நம் குடும்பங்கள், ஊரிலிருந்து எத்தனையோ பொருள்களைக் கொண்டு வந்து சேர்த்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட ரயிலேறி வந்ததுண்டு. ஆனால் துறையை அறியும் அறிவு மட்டும் ஊரோடு நின்றுவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆறு, மெட்ரோ ரயில் பாலத்தைக் கடக்கையில் ஒரு கணம் தோன்றி மறையும் யமுனை ஒன்றே. அதில் இறங்க வேண்டும் என்று அவர்கள் கனவிலும் நினைப்பதில்லை. அத்தகைய பிள்ளைகள் விடுமுறையில் ரிஷிகேசத்துக்கு மேலே கங்கையின் பசுமை கலந்த நீரையும் வெண்மணலையும் காணும்போது, துள்ளிக் குதித்து இறங்கிவிடுவதில் வியப்பென்ன? ஆண்டுதோறும் அக்கரைகளில் வெளியூரார் நீரில் மூழ்கி உயிரிழந்த செய்திகள் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டுக் கங்கையை விட்டு ஒதுங்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. எங்கே நின்று பார்ப்பது, எங்கே கால் நனைப்பது, எங்கே நீராடுவது, எங்கே படகேறுவது என்று துறையறிந்து சென்றால், அந்த எழுபது கிலோமீட்டர்ச் சாலையைப் போல் இன்பம் தருவது வட இந்தியாவிலேயே அரிது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

புறப்படும் காலம்

தில்லியிலிருந்து ரிஷிகேசம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால் முற்பகலில் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து கங்கையின் வலக்கரையை ஒட்டி மலைமேல் செல்லும் சாலையில் 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதியே நம் கட்டுரைக்குப் பொருள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களும், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களும் இவ்வழிப் பிரயாணத்துக்கு உகந்தவை. மழை நின்று நீர் தெளிந்திருக்கும். வெயிலும் கடுமையாக இராது. மே, ஜூன் மாதங்களில் பத்ரிநாதம், கேதாரம் செல்லும் யாத்திரிகர்களின் வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு இடையூறுகள் உண்டு. காவடி சுமந்து கங்கை நீர் எடுக்க வரும் பக்தர் கூட்டத்தால் ஹரித்துவாரம் செல்லும் சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவர். மலையில் மழையால் மண் சரியும். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்ட நினைவில் அம்மாதத்தில் கங்கைக்குப் புறப்பட எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். காவிரியின் ஆடிப் பெருக்கு வேறு, இமயத்தின் மழைக்கால வெள்ளம் வேறு.

ராஜாஜியின் பெயர் தாங்கிய வனம்

ஹரித்துவாரத்தைக் கடந்ததும் காடு தொடங்கிவிடுகிறது. சிவாலிக் குன்றுகளில் பரந்து கிடக்கும் இவ்வனத்துக்கு நம் மூதறிஞர் ராஜாஜியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி. ராஜாஜி, மோதிச்சூர், சில்லா என்ற மூன்று சரணாலயங்களை ஒன்றாக்கி 1983-இல் தேசியப் பூங்காவாக அமைத்தனர். 2015-இல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு ஏறத்தாழ 820 சதுர கிலோமீட்டர். ஆசிய யானைகள் வாழும் நிலப்பரப்பின் வடமேற்கு எல்லை இப்பகுதியே. அவை ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லும் வழியை, ஹரித்துவாரத்திலிருந்து ரிஷிகேசம் செல்லும் சாலையும் ரயில் பாதையும் குறுக்கே வெட்டுகின்றன. அங்கே வண்டியை மெதுவாகச் செலுத்துதல் யானைக்கும் நன்று, நமக்கும் நன்று.

கங்கையின் இடக்கரையில் சில்லா வழியாகவும் ரிஷிகேசத்துக்கு ஒரு காட்டுச் சாலை உண்டு. 144 மெகாவாட் மின்நிலையத்துக்கு நீர் கொண்டு செல்லும் கால்வாய் அச்சாலைக்குத் துணையாக வருகிறது. நீர் அமைதியாகத் தோன்றும். ஆனால் சரிந்து இறங்கும் சிமெண்டுக் கரையில் பிடிப்பதற்கு ஒரு புல்லும் இராது. உள்ளே விழுந்தவர் ஏறி வருவது அரிது. ஆகவே கால்வாய்க் கரை, பார்ப்பதற்கு மட்டுமே உரிய இடம். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லி வைப்பது நலம்.

முனி கி ரேத்தியில் ஒரு நெல்லைத் தமிழர்

ரிஷிகேசத்தின் வட எல்லையில் முனி கி ரேத்தி என்ற பகுதி இருக்கிறது. 'முனிவரின் மணல்' என்பது அதன் பொருள். சுவாமி சிவானந்தர் 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவியது இங்கேதான். திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடையில் 1887-இல் பிறந்தவர் அவர். மலாயாவில் மருத்துவராய்ப் பத்தாண்டுக் காலம் பணியாற்றிவிட்டு, யாவற்றையும் துறந்து 1924-இல் ரிஷிகேசம் வந்தார். துறவியான பின்னும் மருத்துவத்தை அவர் துறக்கவில்லை. லட்சுமண் ஜூலாவுக்கு அருகில் யாத்திரிகர்களுக்கென்று இலவச மருந்தகம் நடத்தி வந்தார். 1963-இல் மறைந்தார். ஊரை விட்டு இரு முறை வெகுதூரம் சென்ற இத்தமிழர், சென்ற இடத்துக்குப் பயன்பட வாழ்ந்தவர் என்பதைப் புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் நினைவுகூர்தல் தகும்.

அடுத்து வருவது லட்சுமண் ஜூலா. இங்கே 1889-இல் கட்டிய இரும்புக் கயிற்றுத் தொங்குபாலத்தை 1924 அக்டோபர் வெள்ளம் அடித்துச் சென்றது. அதன் பின்னர்க் கட்டிய பாலம் 1930-இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் மனிதரையும் மாட்டையும் குரங்கையும் சுமந்து, பாதுகாப்புக் கருதி 2019 ஜூலையில் மூடப்பட்டது. கரையில் நின்று அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்னிருந்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று என்பதை எண்ணினால், இந்த நதியின் ஆற்றல் எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும்.

சாலையும் காடும்

நாம் செல்லும் சாலைக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை எண் 7 என்று பெயர். தென்னாட்டவர்க்கு இவ்வெண் பழக்கமானது. 2010-இல் எண்களை மாற்றி அமைக்கும் முன்னர், வாரணாசியிலிருந்து சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி சேர்ந்த சாலையே எண் 7. இப்போது அவ்வெண், பஞ்சாபின் ஃபாசில்காவில் தொடங்கி பத்ரிநாதத்துக்கு அப்பாலுள்ள மாணா வரை செல்லும் சாலைக்கு வந்துவிட்டது. குமரியை நோக்கி ஓடிய எண், இமயத்தை நோக்கித் திரும்பிக்கொண்டது எனலாம்.

நான்கு தலங்களுக்கும் செல்லும் சாலைகளை அகலமாக்கும் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டினர். அதன் பயனாகச் சாலை அகன்றிருக்கிறது. ஆயினும் புதிதாக வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்து கல் உருள்வதுண்டு. மழை பெய்து ஓய்ந்த மறுநாளிலும் இந்த அபாயம் தொடரும். வெட்டுச் சுவருக்கு அடியில் வண்டியை நிறுத்தி உணவருந்துதல் கூடாது. மேடேறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலையின் நெடுநாள் மரபு. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவது மற்றொரு மரபு.

சாலையின் இருபுறத்துத் தாழ்சரிவுகளிலும் சால் என்று வடநாட்டார் வழங்கும் மரங்கள் நெருங்கி நிற்கின்றன. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலவம் இலையெல்லாம் உதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கும் காட்சி, ஊரின் நினைவை எழுப்பும். மேலே செல்லச் செல்ல ஊசியிலைச் சீர் மரங்கள் தலைகாட்டுகின்றன. கரையோரப் பாறைகளில் இருவகைப் பறவைகளைப் பிள்ளைகள் தேடிப் பார்க்கலாம். கருப்பும் வெள்ளையும் புள்ளியிட்ட உடலும் சிலிர்த்த கொண்டையும் உடைய பெரிய மீன்கொத்தி ஒன்று. தலையில் வெண்குல்லாய் தரித்தாற்போல் இருந்து, செந்நிற வாலை இடைவிடாது அசைக்கும் சிறு பறவை மற்றொன்று. நீர் இரையும் இடத்தில் ஐந்து நிமிடம் அசையாது அமர்ந்தால் இவை தாமே வரும்.

கரை மணலின் வெண்மையிலும் ஒரு விந்தை உண்டு. கையில் அள்ளி வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மின்னும். இமயத்துப் பாறைகளிலிருந்து உதிர்ந்த அப்பிரகத் துகள்களே அவை.

நதியைப் படிக்கும் முறை

இனி நம் தலையாய பொருளுக்கு வருவோம். துறையைச் சொல்லித் தரப் பாட்டன் இல்லாத இடத்தில், நதியையே படித்து அறிதல் வேண்டும். அஃது ஒன்றும் அரிய கலையன்று.

முதலாவது, வளைவு. ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையில் நீர் விரைந்தோடி அடியை அரிக்கும். அங்கே ஆழம் மிகுதி. உட்புறக் கரையில் வேகம் குறைந்து மணல் படியும். ஆகவே மணல் திட்டு இருக்கும் பக்கமே கால் நனைக்கத் தகுந்தது. ஆயினும் அம்மணல் சமதரையாகவே செல்லும் என்று நம்பலாகாது. இரண்டு அடி வைத்தபின் மூன்றாவது அடி திடீரென ஆழத்தில் இறங்கும். ஈர மணலின் விளிம்பு சரிவதும் உண்டு.

இரண்டாவது, குளிர்ச்சி. கங்கோத்திரியிலும் சதோபந்தத்திலும் பனி உருகிப் பெருகிய நீர் இது. வெளியே வெயில் கொளுத்தினாலும் நீர் எலும்பைக் குத்தும். திடீரென மூழ்கினால் மூச்சு அடைக்கும். சில நிமிடங்களில் கைகால் மரத்துப்போகும். நகரத்து நீச்சற் குளத்தில் பதக்கம் வாங்கியவருக்கும் இவ்விதி பொருந்தும்.

மூன்றாவது, நீர்மட்டம். இதுவே பலர் அறியாதது. மேலே பாகீரதியின் மீது 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணை நிற்கிறது. அதில் 2006-ஆம் ஆண்டு மின்னாக்கம் தொடங்கிற்று. அதற்குக் கீழே கோடேஷ்வர் அணையும், அலகநந்தாவின் மீது ஸ்ரீநகரத்து அணையும் உள்ளன. மின்சாரத்தின் தேவையை ஒட்டி அணைகளில் நீரைத் திறப்பதும் குறைப்பதும் நிகழும். ஆகையால் வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளிலும் கங்கை உயரலாம். காலையில் நடந்து சென்ற பாறைத் திட்டு மாலையில் தீவாகிவிடலாம்.

இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கரையில் அமர்ந்தவுடன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கால் மணிக்கு ஒரு முறை அதைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவருக்கு அளியுங்கள். குச்சி நீருக்குள் சென்றுவிட்டால் உடனே பாயைச் சுருட்டிக்கொண்டு மேலேற வேண்டியதுதான். தெளிந்த நீர் கலங்கினாலும், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும் அதே செய்திதான். மணலிலும் பாறையிலும் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறதென்று வந்ததும் பார்த்துக்கொண்டால், நேற்று நீர் எதுவரை ஏறியது என்பதும் தெரிந்துவிடும்.

நீராட விரும்புவோர்க்குப் படித்துறையே உரியது. அதுவும் இரும்புச் சங்கிலி கட்டிய படித்துறை. சங்கிலியைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டு எழுந்தால் உடலும் சிலிர்க்கும், உள்ளமும் நிறையும்.

படகேறுதல்

ஆற்றில் இறங்கி விளையாட ஆவல் கொண்ட இளைஞர்களுக்குத் தக்க வழி, தேர்ந்தவர் நடத்தும் ரப்பர்ப் படகுச் சவாரி. ரிஷிகேசத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சிவபுரி, இதற்குப் பெயர் பெற்றது. பிரம்மபுரியில் ஏறினால் தூரம் குறைவு. இன்னும் மேலே கௌடியாலாவில் ஏறினால் தூரமும் வேகமும் மிகுதி. ஒவ்வொரு வேகநீரோட்டத்துக்கும் படகோட்டிகள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்று அப்பெயர்கள் நீளும். பியாசிக்கு அருகிலுள்ள 'வால்' என்பது, பெயருக்கேற்பச் சுவர்போல் எழும்பி அச்சுறுத்துவது.

நீர் ஓரிடத்தில் அமைதியாகவும் அடுத்த இடத்தில் கொந்தளித்தும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் மழைக்காலத்தில் பெருங்கற்களை உருட்டி வந்து ஆற்றின் வாயில் கொட்டுகின்றன. அங்கே ஆறு குறுகி, கற்களின் மேல் ஏறி விழுந்து நுரைக்கிறது. கல் குவிந்த இடத்துக்கு மேலே நீர் தேங்கிக் குளம்போல் நிற்கிறது. சிவபுரிக்கருகில் ஹென்வல் என்னும் சிற்றாறு கங்கையில் கலப்பதைக் காட்டி இதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

1977-இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி, 'கடலிலிருந்து வானம் வரை' என்று பெயரிட்டு, வங்கக் கடலிலிருந்து ஜெட் படகுகளில் கங்கையை எதிர்த்து ஏறி இவ்வழியே சென்றார். இந்த வேகநீரோட்டங்களையெல்லாம் கடந்த அவரது படகுகளை, நந்தப்பிரயாகையில் ஓர் அருவி தடுத்து நிறுத்திவிட்டது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் படகுச் சவாரி இல்லை; எவரேனும் அப்போது அழைத்தால் மறுத்துவிடுங்கள். பதினான்கு வயது நிறையாதவரை ஏற்றலாகாது என்பது விதி. வயதைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளையை ஏற்றும் பெற்றோர், தாமே தம் பிள்ளைக்குக் கேடு சூழ்கின்றனர். மிதவைச் சட்டையின் வார்களை இறுகக் கட்டித் தலைக்கவசம் அணிந்த பின்னரே கரையை விட்டு நகர வேண்டும். தவறி நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். எழுந்து நிற்க முயன்றால் கற்களுக்கிடையில் கால் சிக்கிக்கொள்ளும். 2018 ஜூனில் உத்தராகண்ட உயர் நீதிமன்றம், உரிய விதிமுறைகளை வகுக்கும் வரை இச்சவாரியையே நிறுத்தி வைக்க ஆணையிட்டது. விதிகள் எதற்காக வந்தன என்பதை அறிந்தவர் அவற்றைத் தொல்லையாகக் கருதமாட்டார்.

குகையின் அமைதி

முதியோருக்கும் அமைதியை நாடுவோர்க்கும் உரிய இடம், ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள வசிஷ்ட குகை. வசிஷ்ட முனிவர் தவம் புரிந்த இடம் என்பது ஐதிகம். கேரளத்திலிருந்து வந்த சுவாமி புருஷோத்தமானந்தர் 1928 முதல் 1961-இல் மறையும் வரை இங்கே வாழ்ந்தார். சாலையிலிருந்து படியிறங்கிச் சென்றால் குகையும் ஆசிரமமும், அவற்றுக்கு அப்பால் மணற்கரையும் காணலாம். குகைக்குள் விளக்கொளி தவிர வேறில்லை. சற்று நேரம் அமர்ந்திருந்தால் கண் இருளுக்குப் பழகுவதும், மனம் தானே அடங்குவதும் தெரியும். பிள்ளைகளும் இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவர்.

தமிழ் சென்று சேர்ந்த சங்கமம்

கௌடியாலாவைக் கடந்ததும் சாலை நதியை விட்டு உயரே ஏறுகிறது. சாக்னிதார் மேட்டிலிருந்து பார்த்தால் கங்கை ஒரு பசிய நாடாவைப்போல் அடியில் நெளிகிறது. பின்னர்த் தீன் தாரா என்ற இடத்தில் உணவுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரொட்டியும் ராஜ்மாவும் சூடாகக் கிடைக்கும். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இங்கே பிரித்து உண்ணலாம்.

முடிவாகத் தேவப்பிரயாகை. பாகீரதியும் அலகநந்தாவும் இங்கே ஒன்றுகூடிய பின்னரே அவ்விணைந்த பெருக்கு கங்கை என்னும் பெயரைப் பெறுகிறது. ஆரவாரத்துடன் இறங்கும் பாகீரதியை மாமியார் என்றும், அடக்கமாக வந்து சேரும் அலகநந்தாவை மருமகள் என்றும் உள்ளூரார் நயம்படக் கூறுவது வழக்கம். தெஹ்ரி அணை எழுந்த பின்னர் மாமியாரின் ஆரவாரம் தணிந்துவிட்டது. வண்டல் அணைக்குள் தங்கிவிடுவதால் பெரும்பாலும் பாகீரதி தெளிந்தும், கோடையிலும் மழைக்காலத்திலும் அலகநந்தா கலங்கியும் வருகின்றன. இரு நிறங்களும் சிறிது தூரம் அருகருகே ஓடிப் பின் கலக்கும் காட்சியை மேலிருந்தே காண்பது நன்று.

சங்கமத்துக்கு மேலே படியேறினால் ரகுநாதர் ஆலயம். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றாகிய திருக்கண்டமென்னும் கடிநகர் இதுவே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தம் திருமொழியில் இத்தலத்துக்குப் பதினொரு பாசுரங்கள் பாடியிருக்கிறார். ரயிலும் மோட்டாரும் இல்லாத காலத்தில் பாண்டி நாட்டுத் தமிழ் இம்மலைக்குள் வந்து சேர்ந்துவிட்டது! இவ்வூரில் வாழும் பத்ரிநாதத்துப் பண்டாக்கள், தம் முன்னோர் தென்னாட்டிலிருந்து வந்தவர் என்று கூறுவதும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் சொல்ல நிறையச் செய்தி இருக்கிறது.

சங்கமப் படித்துறையில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. முன்னோர் தம் அனுபவத்தால் அறிந்து வகுத்த துறை இது. பாசி படிந்த கடைசிப் படியில் கால் வைக்காமல், சங்கிலியை விடாமல், ஒருவர்பின் ஒருவராக நீராடலாம்.

முன்னறிவு காத்த உயிர்கள்

நதியை அறிந்தால் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்கு இப்பள்ளத்தாக்கின் சரித்திரமே விடை கூறும். 1893 செப்டம்பரில், அலகநந்தாவில் சேரும் பிரஹி கங்கை என்னும் சிற்றாற்றின் குறுக்கே மலை ஒன்று சரிந்து விழுந்தது. ஏறத்தாழ 900 அடி உயரத்துக்கு மண்ணும் கல்லும் குவிந்து, அதன் பின்னே கோஹ்னா என்ற ஏரி உண்டாகிவிட்டது. அணை உடைந்தால் ஹரித்துவாரம் வரை அழியும் என்பதை உணர்ந்த பொறியாளர்கள் ஏரியின் ஏற்றத்தை அளந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் நீர் வழியும் என்று கணக்கிட்டார்கள். ஏரிக்கரையிலிருந்து கீழே தந்திக் கம்பி இழுத்தார்கள். மக்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். கணக்கு பொய்க்கவில்லை. 1894 ஆகஸ்டு 25-ஆம் தேதி இரவு பெருவெள்ளம் புறப்பட்டு ஸ்ரீநகரத்தை அழித்து, தேவப்பிரயாகையையும் ரிஷிகேசத்தையும் கடந்து சமவெளி சேர்ந்தது. அத்தனை அழிவிலும் இறந்தவர் ஐவரே. அப்புறப்படுத்திய பின்னும் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியின் குடும்பத்தார் அவர்கள்.

2013 ஜூனில் கேதாரத்தில் தொடங்கிய வெள்ளமோ முன்னறிவிப்பின்றி வந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கீழே ரிஷிகேசத்தின் கரையில் அமர்ந்திருந்த பெரிய சிவன் சிலையையும் அது விட்டுவைக்கவில்லை. இவ்விரண்டு வெள்ளங்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தால், உயிர் காப்பது வலிமையன்று, காலத்தில் வந்த அறிவே என்பது தெளிவாகும். நீர் விளிம்பில் நட்ட குச்சியும், கோஹ்னாவின் தந்திக் கம்பியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

நாம் விட்டுச் செல்வது

ஒரு காலத்தில் இக்கரைகளில் கூடாரங்கள் மலிந்திருந்தன. கழிவும் இரைச்சலும் இரவு விளக்கும் பெருகவே, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில், கௌடியாலா முதல் ரிஷிகேசம் வரை ஆற்று மணலில் முகாமிடுவதைத் தடை செய்தது. இரவில் நீரருந்த இறங்கும் காட்டு விலங்குகளுக்கும் அம்மணல் உரியது அன்றோ? ஆகவே தங்க விரும்புவோர் அனுமதி பெற்ற விடுதிகளில் தங்குதலே முறை. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தின் தாளும், பிளாஸ்டிக் குப்பியும், எஞ்சிய ஊறுகாய்ப் பையும் நம்முடன் திரும்பி வர வேண்டும். வண்டியில் ஒரு சாக்குப் பை வைத்திருந்தால் போதும். எஞ்சிய சோற்றைக் குரங்குக்கு இடுவதும் தர்மமன்று. சாலையோரம் காத்திருக்கப் பழகிய குரங்கு, வண்டியில் அடிபட்டு மடியும்.

ஐப்பசி மாதம் நெருங்குகையில் நம் அன்பர்கள் பலர் இவ்வழிப் புறப்படுவர். தனித்தனியே செல்வதினும் நாலைந்து குடும்பங்கள் கூடிச் செல்வது சிறப்பு. கரையில் இறங்குமுன் பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் முறை வைத்து நீரில் இறங்காது காவல் இருங்கள். மாலை வெயில் மலைக்குப் பின் மறையுமுன் கரையேறிவிடுங்கள். வீடு திரும்பிய பின், தாம் கண்ட துறை எது, கரை எது, ஏன் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டார்களானால், ஊரோடு நின்றுபோன அறிவு ஒன்று நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.